‘எத்தனை மடங்கு?’ என்று முதலில் கேட்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

பைனாகுலர் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்தால் பெரும்பாலானவை ரைஃபிள் ஸ்கோப் (துப்பாக்கி மேல் பூட்டும் தொலைநோக்கி) பற்றியே கேட்கின்றன. பிராட்வேயில் அப்பா ஆரம்பித்த பட்டறையில் தியோடலைட் (நில அளவைக்காரர்கள் கோணம் அளக்கும் கருவி), பைனாகுலர், மைக்ராஸ்கோப் என்று லென்ஸ் வைத்த எதையும் பழுது பார்க்கிறேன். சுடும் கிளப்புகளில் இருப்பவர்கள் ஸ்கோப்பும் கொண்டுவருவார்கள். துப்பாக்கியை நான் தொடுவதில்லை, ஸ்கோப்பை மட்டும் கழற்றிக் கொண்டுவரச் சொல்வேன். அதனால் இங்கே நான் சொல்வதெல்லாம் என் மேசையில் பார்த்ததும், கொண்டுவந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான்.

மேடம், என் மகன் பத்தாவது படிக்கிறான். கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறான். பிறந்த நாளுக்கு ஒரு ஸ்கோப் வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். கடைக்காரர் 6-24×50 ஒன்றைக் காட்டினார். வாங்கலாமா?
— வாசகர், தாம்பரம்

வாங்காதீர்கள். ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 50 மீட்டர் மூன்று நிலை இரண்டிலுமே துப்பாக்கி மேல் தொலைநோக்கி வைக்க விதியில் இடமில்லை. உங்கள் மகன் பழகுவது பீப் சைட்டில். பின்னால் ஊசித்துளை அளவுக்கு ஓர் ஓட்டை, முன்னால் ஒரு வளையம், அதற்குள் இலக்கின் கறுப்பு வட்டம். மூன்றையும் ஒரே மையத்தில் நிறுத்துவதுதான் அந்த விளையாட்டு. 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். அதைப் பெரிதாக்கிக் காட்ட எந்த லென்ஸும் இல்லாமல்தான் பிள்ளைகள் அடிக்கிறார்கள்.

10 மீட்டர் ஓடும் இலக்குப் போட்டி என்று ஒன்று உண்டு. அதில் ஸ்கோப் வைக்கலாம், ஆனால் 4 மடங்கைத் தாண்டக் கூடாது. கடைக்காரர் காட்டியது 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப், அங்கேயும் செல்லாது. அந்தப் பணத்தில் நல்ல பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) டின்களும் ஒரு கையுறையும் வாங்கிக் கொடுங்கள். எது என்று அவன் கோச்சிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுராந்தகம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் வேர்க்கடலை. ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கிக் கிளறிவிட்டுப் போகிறது. அப்பா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. இருட்டில் தெரிகிற மாதிரி அதற்கு என்ன ஸ்கோப் போடலாம்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், மேற்கு மாம்பலம்

விதை, உரம், ஆள்கூலி எல்லாம் போட்ட பிறகு ஒரே ராத்திரியில் போவது எப்படி இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் அந்தத் துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப்பும் நான் சொல்ல மாட்டேன்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் அல்ல. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, பிடிப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருப்பதால் விலங்கைச் சுடும் உரிமை வந்துவிடாது. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவும் பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டுமே. ஆகவே சேதத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு, வனச்சரக அலுவலகத்துக்கு மனுவோடு போங்கள். நஷ்டஈடு கேட்பதற்கும் வழி அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலைக் காட்டில் இருட்டில் அசைவதெல்லாம் பன்றி இல்லை. பக்கத்து வயல்காரரும் டார்ச்சை அணைத்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருப்பார். எவ்வளவு விலை போட்டு வாங்கிய கண்ணாடியானாலும் அந்த ஆபத்தைப் போக்காது.

பொங்கலுக்கு மயிலாப்பூர் வந்தபோது உங்கள் பகுதியைப் படித்தேன். ஹூஸ்டனில் வேலை. ஆபீஸ் நண்பர்கள் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே லைசென்ஸ் எடுத்துக்கொண்டு சட்டப்படியே போகலாம். .308 ரைஃபிள் வாங்கியாகிவிட்டது. ஸ்கோப்தான் குழப்பம். ஒருவர் 3-9×40 போதும் என்கிறார், இன்னொருவர் 5-25×56 இல்லாமல் வராதே என்கிறார்.
— வாசகர், மயிலாப்பூர் / ஹூஸ்டன்

3-9×40 சொன்னவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். அடிபட்ட மான் ஓடிப்போய் எங்கோ புதரில் கிடந்து சாகக் கூடாது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

முதலில் எண்களைப் பிரித்துவிடுவோம். 3-9 என்பது உருவத்தை 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கலாம் என்பது. 40 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். டெக்ஸாஸின் புதர்க்காட்டில் வெள்ளைவால் மானைப் பெரும்பாலும் 200 கஜத்துக்குள்தான் சுடுகிறார்கள். 3 மடங்கில் வைத்தால் 100 கஜத்தில் 30 அடிக்கு மேல் அகலம் தெரியும். 9 மடங்குக்குத் திருப்பினால் அது 13 அடி அளவுக்குச் சுருங்கிவிடும். மான் மரத்தடியிலிருந்து நாலு எட்டு நகர்ந்தால் 25 மடங்கு வைத்திருப்பவர் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பார். பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா, ஆள் யாராவது வருகிறாரா என்பதும் குறுகிய வட்டத்தில் தெரியாது.

அடுத்தது வெளிச்சம். அங்கே சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பும் மறைந்து அரை மணி பின்பும் சுட அனுமதி உண்டு. மான் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4. ஸ்கோப்பின் பின்னாலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அவ்வளவு மில்லிமீட்டர். 6 மடங்குக்கு இறக்கினால் 6.7. மங்கலில் நம் கண்ணின் பாப்பா விரிவது இளவயதில் 7 மில்லிமீட்டர் வரை, வயது ஏற ஏற 5, அதற்கும் கீழே. கண்ணுக்குள் நுழைய முடியாத ஒளியால் பிரயோஜனம் இல்லை. 56 மில்லிமீட்டர் லென்ஸை 25 மடங்கில் வைத்தால் 2.2தான் வரும். இவ்வளவு பெரிய லென்ஸ் போட்டும் சாயங்காலத்தில் இருட்டாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அந்தி சாய்ந்ததும் மடங்கைக் குறையுங்கள். படம் வெளுத்து வரும்.

வெளிச்சத்தை விழுங்கும் இன்னொரு விஷயம் லென்ஸின் பூச்சு. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும். 8 லென்ஸ் என்றால் 16 பரப்பு. பெருக்கிப் பார்த்தால் உள்ளே போன வெளிச்சத்தில் பாதிதான் கண்ணுக்கு வந்து சேரும். எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருந்து, ஒரு பரப்பில் அரை சதவீதம்தான் இழப்பு என்று வைத்தால் 92 சதவீதம் வந்து சேரும். பெட்டியின் மேல் ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்று முழுசாக எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறும் ‘கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பில் பூசியிருந்தாலும் அப்படி எழுதலாம். விலைப் பட்டியலில் மடங்கு பெரிய எழுத்தில் இருக்கும், பூச்சு சின்ன எழுத்தில் இருக்கும். நீங்கள் பணம் கொடுக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்துக்குத்தான்.

ஐ ரிலீஃப் என்பது கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம். .308க்கு மூன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். குறைந்தால் பின்னால் உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். புருவத்தில் அரைவட்டத் தழும்போடு ஸ்கோப்பை மாற்றிக் கேட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. ரெட்டிக்கிள் (உள்ளே தெரியும் குறுக்குக்கோடு) தடித்த கோட்டோடு நடுவில் மட்டும் மெல்லியதாக இருக்கட்டும், மங்கலிலும் புதரின் பின்னணியில் தெரியும். 56 மில்லிமீட்டர் லென்ஸ் குழலுக்கு மேல் உயரமாக உட்கார வேண்டியிருக்கும். கன்னம் ஸ்டாக்கில் (துப்பாக்கியின் பின்கட்டையில்) படியாமல் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டிவரும். எடையும் கூடும்.

100 கஜத்தில் ஜீரோ செய்தால், அதாவது குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 150 கிரெயின் எடையுள்ள சாதாரண .308 தோட்டா 200 கஜத்தில் ஏறக்குறைய 4 அங்குலம் இறங்கும். மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை இருக்கும் இடம் 8, 10 அங்குல அகலம். ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் குமிழை ஒரு கிளிக்கூடத் திருப்பாமலே அந்தத் தூரம் வரை சமாளித்துவிடலாம். அதற்கு மேல் தூரம் என்றால் சுடாமல் விட்டுவிடுங்கள். லியூபோல்ட், வோர்டெக்ஸ் கம்பெனிகள் இந்த அளவில் செய்கிறார்கள். அங்கேயே கடையில் அந்தி நேரத்தில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து எடுங்கள்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் 3-9×40 ஸ்கோப் மாட்டி மொட்டை மாடியில் 15 மீட்டரில் அட்டையில் சுடுகிறேன். முதலில் எல்லாம் நன்றாக இருந்தது. இப்போது பத்து ஷாட்டுக்கு ஒரு தடவை குறி நகர்கிறது. கிளிக்கைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போச்சு. ஸ்கோப் மட்டமா, நான் மட்டமா?
— வாசகர், பெரம்பூர்

பெரும்பாலும் மவுண்ட்தான், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் பிடி. .308 வேட்டை ரைஃபிளில் பல வருஷம் உழைக்கும் ஸ்கோப் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் சீக்கிரம் போய்விடுவது உண்மை. வெடிமருந்து ரைஃபிள் பின்பக்கமாக மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்பக்கம் வெடுக்கென்று இழுக்கும். சாதாரண ஸ்கோப்பின் லென்ஸ்கள் பின்னுதையைத் தாங்கத்தான் கட்டியிருப்பார்கள். அந்த முன்னிழுப்பு அவற்றை இருக்கையிலிருந்து கழற்றிவிடும். ஆகவே ‘ஏர்கன்’ என்று குறிப்பிட்டே செய்த ஸ்கோப்தான் இதற்கு.

அதை முடிவு செய்வதற்கு முன் மவுண்ட்டைப் பாருங்கள். துப்பாக்கி மேல் இருக்கும் 11 மில்லிமீட்டர் தண்டவாளத்தில், மவுண்ட்டின் ரிங் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு முன்னால் கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளிக் கோடு தெரிகிறதா? தெரிந்தால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ரிங் பின்னால் நழுவியிருக்கிறது. ரிங்கின் அடியில் ஸ்டாப் பின் என்று ஒரு சின்ன முள் இருக்கும். அது தண்டவாளத்தின் குழியில் இறங்கியிருக்க வேண்டும். உங்களுடையதில் அந்த முள்ளே இல்லாமலும் இருக்கலாம். ஒரே துண்டாக வரும் மவுண்ட், அதில் ஸ்டாப் பின், இரண்டும் இருக்கிற மாதிரி வாங்கி மாட்டுங்கள். மேல் மூடியின் திருகுகளை ஒரு பக்கம் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், நாலையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. கை பலம் முழுவதையும் காட்டினால் குழல் நசுங்கும். 2 நியூட்டன் மீட்டர் என்பதே தாராளம்.

மவுண்ட் சரியாக இருந்தும் குறி நகர்ந்தால் ஸ்கோப்புக்குள் போக வேண்டும். அண்மையில் இதே மாதிரி ஒன்றைப் பிரித்தேன். வெளிக்குழலுக்குள் இன்னொரு சின்னக் குழல் இருக்கிறது, தலைகீழாக விழும் படத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் அதற்குள். மேல் டரட்டின் (குறியை நகர்த்தும் குமிழின்) திருகு அதை ஒரு பக்கம் அழுத்துகிறது, எதிர்ப்பக்கத்திலிருந்து நகத்தின் அகலம்கூட இல்லாத ஒரு தகடு ஸ்பிரிங் முட்டுக் கொடுக்கிறது. நீங்கள் திருப்பும் ஒவ்வொரு கிளிக்கும் இந்தத் தகட்டை நம்பித்தான் இருக்கிறது. அந்த ஸ்கோப்பில் தகடு படுத்துவிட்டது. லென்ஸைப் பிடித்திருக்கும் மரை வளையமும் தளர்ந்து, கையில் எடுத்து ஆட்டினால் ‘டிக் டிக்’ என்றது. வளையத்தை இறுக்கிவிடலாம். ஆனால் அந்தத் தகடு தனியாகக் கிடைப்பதில்லை. மலிவு ஸ்கோப்பில் கூலி புது ஸ்கோப்பின் விலைக்கு வந்துவிடும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

இன்னும் ஒன்று பாரலாக்ஸ். வேட்டை ஸ்கோப்புகளை 100 கஜத்துக்கென்று வைத்து அனுப்புவார்கள். 15 மீட்டரில் படம் மங்கலாகவும் இருக்கும், கண் மையத்தை விட்டு நகர்ந்தால் குறுக்குக்கோடு இலக்கின் மேல் மிதக்கவும் செய்யும். பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பார்த்தால் வேறு எண் காட்டுமே, அதேதான். 40 மில்லிமீட்டர் லென்ஸில், கண் ஓரத்துக்கே போய்விட்டால், இந்தத் தூரத்தில் பிழை ஒன்றரை சென்டிமீட்டர் வரை போகும். கிளிக்கைத் திருப்பி இதைத் தீர்க்க முடியாது. 10 கஜம் வரை ஃபோகஸ் இறங்கும் ஸ்கோப் வாங்குங்கள், முன் லென்ஸில் அல்லது பக்கவாட்டில் அதற்கென்று ஒரு திருகு வளையம் இருக்கும். எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு; கால் எம்.ஓ.ஏ. கிளிக் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் நகர்த்தும், 15 மீட்டரில் 1 மில்லிமீட்டர்தான் என்பதையும் மனதில் வையுங்கள். குறி 2 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் கிட்டத்தட்ட 20 கிளிக். ரெண்டு கிளிக் திருப்பிவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்துவிட வேண்டாம்.

மொட்டை மாடி என்கிறீர்கள். அட்டைக்குப் பின்னால் மணல் மூட்டையாவது கனமான மரப்பலகையாவது இருக்கிறதா? பெரம்பூரில் அடுத்த மாடியில் துணி காயப்போட ஆள் வருவார்கள். மூட்டையோ பலகையோ இல்லை என்றால் இன்றைக்கே நிறுத்திவிட்டு கிளப்புக்குப் போங்கள்.

மேடம், எனக்கு 17 வயசு. 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம்தானே? பள்ளிக்கரணை பக்கம் நீர்க்கோழி சுட என்ன ஸ்கோப் சரியா இருக்கும்?
— வாசகர், மேடவாக்கம்

தம்பி, 4.5 மி.மீ. துளை, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் லைசென்ஸ் வேண்டாம் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்வது உண்மை. பறவையைச் சுடுவது குற்றம் என்பதும் அதே அளவு உண்மை. எந்தத் துப்பாக்கி என்பது அங்கே கணக்கில்லை. பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். வடக்கிலிருந்து பறந்து வந்து தங்கும் பறவைகளை அங்கே ரோட்டோரத்தில் நின்றே பார்க்கலாம். 8×42 பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொள். நாமக்கோழி எது, தாழைக்கோழி எது என்று நீயாகவே கண்டுபிடி. பைனாகுலரில் ஏதாவது கோளாறு வந்தால் என் பட்டறைக்கு எடுத்து வா, காசு வாங்காமல் பார்த்துக் கொடுக்கிறேன்.

என் மகள் ஒட்டாவாவில் இருக்கிறாள். கன்னாட் ரேஞ்சில் எஃப்-கிளாஸ் போட்டியில் சேர்ந்திருக்கிறாள், .308இல் 1000 கஜம் வரை. நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், எங்கள் காலத்தில் இரும்பு சைட்தான். அவள் ஸ்கோப் பற்றிக் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு என்ன சொல்லட்டும்?
— வாசகர், ஆதம்பாக்கம்

ஐயா, எஃப்-கிளாஸ் பிறந்ததே கனடாவில்தான். வயதாகிப் பார்வை மங்கியவர்களும் தொடர்ந்து சுட வேண்டும் என்று ஸ்கோப்பையும் தாங்கு காலையும் அனுமதிக்கக் கேட்டவர் ஜார்ஜ் ஃபார்குவார்சன். அவர் பெயரின் முதலெழுத்துதான் அந்த எஃப். உங்கள் மகள் .308இல் சுடுகிறாள் என்றால் எஃப்-டி.ஆர். பிரிவாக இருக்கும். அதில் ரைஃபிள், தாங்கு கால், ஸ்கோப் எல்லாம் சேர்ந்து 8.25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன் ஸ்கோப்பின் எடையைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மான் வேட்டைக்கு நான் வேண்டாம் என்ற பெரிய மடங்கு இங்கே வேலைக்கு ஆகும். 1000 கஜத்தில் நடுவட்டம் 10 அங்குலம், அதற்குள் இன்னொரு வட்டம் 5 அங்குலம். பகல் வெளிச்சம், அசையாத இலக்கு, தெரிந்த தூரம். ஆனால் வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் கானல் படத்தைக் கொதிக்க வைக்கும். மடங்கு ஏற ஏற கானலும் பெரிதாகும். 40 மடங்கு ஸ்கோப் வைத்திருப்பவரும் அப்போது 25க்கு இறக்கிவிடுவார். கானல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்துக் காற்றைக் கணிக்கிறவர்கள் உண்டு. அதை நீங்களே அவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

இந்தப் போட்டிக்குக் கண்ணாடியைவிட முக்கியமானது டரட். .308 தோட்டா 100 கஜ ஜீரோவிலிருந்து 1000 கஜத்துக்குப் போக 35 முதல் 40 எம்.ஓ.ஏ. வரை மேலே ஏற்ற வேண்டும். மொத்தம் 60 எம்.ஓ.ஏ. நகரும் ஸ்கோப் என்றால் நடுவிலிருந்து மேலே 30தான் கிடைக்கும், போதாது. முன்பக்கம் 20 எம்.ஓ.ஏ. சரிந்த தண்டவாளம் போட்டால் அந்தச் சரிவும் சேர்ந்து 50 ஆகிவிடும். 30 அல்லது 34 மில்லிமீட்டர் குழலை இதற்காகத்தான் வாங்குகிறார்கள், உள்ளே நகர இடம் அதிகம். குழல் பெரிதானால் வெளிச்சம் கூடும் என்று விற்பனையாளர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

டரட்டை எப்படிச் சோதிப்பது? என் மேசையில் அப்பாவின் பழைய தியோடலைட் இருக்கிறது. அதன் ஃபோகஸை முடிவிலிக்கு வைத்து, பின்னாலிருந்து சின்ன பல்பு போட்டால் அதன் குறுக்குக்கோடு எதிரே பூட்டிய ஸ்கோப்பில் தூரத்துப் பொருளாகத் தெரியும். இரண்டு குறுக்குக்கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்திவிட்டு, ஸ்கோப்பில் 40 கிளிக் மேலே திருப்புவேன். கால் எம்.ஓ.ஏ. வீதம் 10 எம்.ஓ.ஏ., அதாவது 10 கலை நகர்ந்திருக்க வேண்டும். தியோடலைட்டைத் திருப்பி மறுபடி பொருத்தினால் அதன் வட்டத்தில் எவ்வளவு என்று கோண விநாடிக் கணக்கில் படித்துவிடலாம். நல்ல ஸ்கோப் 10 கலையை ஒட்டியே நிற்கும். மலிவானவை 9 காட்டும், சில 11. திரும்ப 40 கிளிக் கீழே இறக்கினால் பழைய இடத்துக்கே வராதவையும் உண்டு. 36 எம்.ஓ.ஏ. ஏற்றும்போது பத்துக்கு ஒன்று பிசகினால் 1000 கஜத்தில் மூன்றடிக்கு மேல் தவறும். டரட்டைத் திருப்பாமல் 100 கஜத்தில் சுட்டால் அதே ஸ்கோப் ஒரு குறையும் காட்டாது. மகளிடம் தியோடலைட் இருக்காது. 100 கஜத்தில் உயரமான அட்டை ஒன்றைத் தூக்குக்குண்டு கட்டி நேராகத் தொங்கவிட்டு, கீழே ஒரு புள்ளியைக் குறிவைத்தே சுடச் சொல்லுங்கள். 20 எம்.ஓ.ஏ. ஏற்றிச் சுட்டால் குறி 21 அங்குலம் மேலே, நேர்கோட்டில் விழ வேண்டும்.

நேர்கோட்டில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரெட்டிக்கிளோ ரைஃபிளோ 3 டிகிரி சாய்ந்திருந்தால் 1000 கஜத்தில் குறி பக்கவாட்டில் 20 அங்குலம் தள்ளிப் போகும். 3 டிகிரி சாய்வு சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. குழலில் ஒட்டுகிற சின்ன நீர்மட்டம் ஒன்று அவசியம் வேண்டும்.

மில்லா (அதுவும் ஒரு கோண அளவுதான்) எம்.ஓ.ஏ.வா என்று கேட்பாள். எஃப்-கிளாஸ் வட்டங்கள் எம்.ஓ.ஏ. அளவில் போட்டவை, ரேஞ்சில் எல்லோரும் அதிலேயே பேசுவார்கள். அதையே எடுக்கட்டும், கிளிக் எட்டில் ஒரு எம்.ஓ.ஏ. என்றால் இன்னும் நல்லது.

பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த ஸ்கோப்பின் லென்ஸில் வெள்ளையாக நூல் நூலாகத் தெரிகிறது. துடைத்தால் போகவில்லை.
— வாசகர், பெசன்ட் நகர்

அது ஃபங்கஸ். பெட்டியில் பத்திரமாக வைத்ததால்தான் வந்தது. நம் ஊரில் மழைக்காலத்தில் காற்றின் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டும், கடற்கரை வீடு என்றால் சொல்லவே வேண்டாம். தோல் உறையும் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும் அந்த ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். பீரோவின் இருட்டும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்தானே என்று நினைப்பீர்கள். அந்த வாயு உள்ளே நீராவி படியாமல் காக்கும், ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்காத வரை. வெளி லென்ஸை அது காக்காது. நூல் வெளிப் பரப்பில் இருந்தால் லென்ஸ் துடைக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக எடுக்கலாம். சட்டைத் துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். பழையதாகிவிட்டால் பூஞ்சை விடும் அமிலம் பூச்சையே அரித்திருக்கும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே இருந்தால் பிரித்தே ஆக வேண்டும், தாமதிக்க வேண்டாம்.

இனிமேல் உறையை விட்டு எடுத்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கூடவே ஒரு சின்ன ஈரமானியும் போட்டால் நல்லது. 40 முதல் 50 சதவீதம் காட்ட வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சிறு தீயில் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம், சமையலுக்கு எடுக்காத வாணலியாக இருக்கட்டும். ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போகாதீர்கள். குளிர்ந்த லென்ஸில் பனி படியும். டப்பாவை மூடியபடியே வராந்தாவில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

கிளப் நண்பர் ஒருவர் தன் பழைய ஸ்கோப்பை விற்கிறார். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?
— வாசகர், ராயபுரம்

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் போங்கள். நடுப்பகலில் எந்த ஸ்கோப்பும் அழகாகத்தான் தெரியும். ஸ்கோப்பை மட்டும் கழற்றி வாங்கி, மணல் பையின் மேல் வைத்து, தூரத்து மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். எழுத்தின் ஓரத்தில் ஊதா நிறமோ மஞ்சளோ தெரிந்தால் கண்ணாடி சுமார் ரகம். மடங்கு வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பும்போது குறுக்குக்கோடு அந்த எழுத்தை விட்டு நகரக் கூடாது. டரட்டை முழுசாக மேலே ஏற்றி, முழுசாக இறக்கி, எண்ணிக்கொண்டே நடுவுக்குக் கொண்டுவந்து அதே எழுத்தில் வந்து நிற்கிறதா பாருங்கள். இதைச் செய்தால் நண்பரின் ஜீரோ போய்விடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பின்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். கண்ணைச் சரியாகப் பின் லென்ஸில் வைத்துப் பார்க்க வேண்டாம், கூசும். நூல், தூசி, லென்ஸ் ஓரத்தில் பசை விட்ட வெண்மை எல்லாம் அப்போது தெரியும். குழலில் ரிங் இருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவுங்கள். கீறல் இருந்தால் பரவாயில்லை. பள்ளம் தட்டுப்பட்டால், உள்ளே இருக்கும் சின்னக் குழல் நகர இடமில்லாமல் போயிருக்கும், அதை விட்டுவிடுங்கள்.